கணினி கேள்வி-பதில்: பேட் செக்டார் வந்த ஹார்ட் டிஸ்க்

கேள்வி: 5 வருடம் ஓடிய 1 டிபி ஹார்ட் டிஸ்க். போட்டோ ஃபோல்டரைத் திறந்தாலே கணினி அப்படியே நின்றுவிடுகிறது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் எச்சரிக்கை. சி5 என்ற வரியில் 48 என்று இருக்கிறது. விண்டோஸில் டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் செக் டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். ஓட்டலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: போட்டோக்களுக்கு வேறு பிரதி இல்லையென்றால் ஓட்டவே ஓட்டாதீர்கள். முதலில் கணினியை அணைத்து வையுங்கள்.

டிஸ்க்கில் தகவல் செக்டார் என்ற சிறு சிறு துண்டுகளாக எழுதப்படுகிறது. பழையவற்றில் ஒரு செக்டார் 512 பைட், இப்போதையவற்றில் 4096 பைட். ஒவ்வொன்றோடும் பிழை திருத்தும் குறியீடு ஒன்றும் சேர்ந்திருக்கும். அதை வைத்தும் சரியாகப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். உங்கள் கணினி நின்றுபோவது அந்த நேரத்தில்தான். அப்படியும் படிக்க முடியாத செக்டாரை (பேட் செக்டார் என்பது இதுதான்) நிலுவையில் வைத்துக்கொள்ளும். சி5 அந்த நிலுவைக் கணக்கு. பழைய தகவல் இன்னொரு முறை படிக்கக் கிடைக்கலாம் என்பதால் டிஸ்க் அதைத் தூக்கிப் போடுவதில்லை. அந்த இடத்தில் புதிதாக ஏதாவது எழுத வரும்போதுதான், தேவைப்பட்டால் உபரி செக்டாருக்கு மாற்றும். அப்படி மாற்றியவை 05 வரியில் ஏறும். இன்னொன்று: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இந்த எண்களை வழக்கமாக 16-அடிமானத்தில் காட்டும். உங்கள் 48 என்பது உண்மையில் 72.

செக் டிஸ்க்கை ஸ்லாஷ் ஆர் சேர்த்து ஓட்டினால் காலி இடம் உட்பட டிஸ்க் முழுவதையும் படிக்கும். தகவலைப் படிக்கும் தளர்ந்துபோன ஹெட்டுக்கு அது பல மணி நேரச் சுமை. போதாததற்கு, கோப்பு அமைப்பைத் திருத்துகிறேன் என்று அதே டிஸ்க்கில் எழுதும். போட்டோவின் ஒரு பகுதி படிக்கவில்லை என்றால் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வேறு இடத்தைக் கோப்பில் சேர்த்துவிடும். அந்தத் துண்டு போனது போனதுதான். முதலில் பிரதி, பிறகுதான் பழுது. இந்த வரிசை மாறினால் இழப்பு உங்களுக்கு.

பிரதி எடுக்க 2 டிபி புது டிஸ்க் ஒன்றும், கணினியைத் துவக்க லினக்ஸ் லைவ் பென் டிரைவ் ஒன்றும் போதும். இரண்டு டிஸ்க்கையும் மதர்போர்டின் சாட்டா போர்ட்டிலேயே மாட்டுங்கள்; யுஎஸ்பி கேஸ் வழியாக மாட்டினால், படிக்கத் திணறும் இடத்தில் இணைப்பே அறுந்துபோகலாம். பழைய டிஸ்க்கை மவுன்ட் செய்யாதீர்கள், அதாவது லினக்ஸில் அதன் ஃபோல்டர்களைத் திறக்காதீர்கள். பிரதி எடுக்கும் மென்பொருள் டிடிரெஸ்க்யூ. உபுண்டுவில் பேக்கேஜின் பெயர் முன்னால் ஒரு 'ஜி' சேர்ந்திருக்கும். நடுவில் அடிக்கோடு போட்ட பெயரில் இருப்பது வேறு நிரல். கட்டளையில் மூலம் (பழைய டிஸ்க்), இலக்கு (புது டிஸ்க்), மேப் ஃபைல் (எது வந்தது, எது விட்டது என்று குறித்துவைக்கும் கோப்பு) என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். மூலமும் இலக்கும் இடம் மாறினால் எல்லாமே அழிந்துவிடும். அதனால் மாடல், சீரியல் எண் இரண்டையும் டிஸ்க்கின் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்டரைத் தட்டுங்கள்.

முதல் சுற்றில் கட்டளையோடு ஹைஃபன் என் சேருங்கள். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, திணறும் இடங்களைத் தாண்டிப் போகும். பெரும்பாலும் போட்டோக்களில் அதிகம் இந்தச் சுற்றிலேயே வந்துவிடும். இரண்டாம் சுற்றில் ஹைஃபன் டி, ஹைஃபன் ஆர் 3: விட்ட இடங்களை நேரடியாக, மூன்று முறை முயலும். இலக்கு முழு டிஸ்க் என்பதால் இரண்டு சுற்றிலும் ஹைஃபன் எஃப் வேண்டும். மேப் ஃபைலை வேறொரு பென் டிரைவில் வையுங்கள். லைவ் லினக்ஸின் நினைவகத்தில் வைத்தால் கரன்ட் போனதும் அதுவும் போய்விடும். மேப் ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்க் சூடாகாமல் சிறு ஃபேன் ஒன்றைக் காட்டிவையுங்கள்.

முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டே விண்டோஸைத் திறக்க வேண்டும். இப்போது, புது டிஸ்க்கில், செக் டிஸ்க் ஓட்டலாம்.

டக் டக்கென்று சத்தம் வந்தால் இது எதுவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தகவல் மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். மூடியைத் திறக்காதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். தட்டில் படியும் ஈரம் ஹெட்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

கேள்வி: முழு ஃபார்மேட் செய்ததும் சி5 பூஜ்யமாகிவிட்டது. அந்த டிஸ்க்கை இனி நம்பலாமா?

பதில்: முழு ஃபார்மேட் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதும், அதனால்தான் நிலுவை தீர்ந்தது. 05 வரியைப் பாருங்கள். அது ஏறவில்லை என்றால், எழுதும்போது கரன்ட் போனதால் குழம்பிய செக்டார்களாக இருந்திருக்கலாம். டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் நீண்ட சோதனையை ஒருமுறை ஓட்டி, சில வாரம் கவனியுங்கள். 05 ஏறியிருந்தாலோ, சி5 மறுபடி தலைகாட்டினாலோ, சினிமா பதிவிறக்கி வைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சி7 மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறதே?

பதில்: அது பெரும்பாலும் டிஸ்க்கின் குறை அல்ல, கேபிளில் தகவல் சிதைகிறது. சாட்டா கேபிளை மாற்றுங்கள். பழைய எண் குறையாது, ஆனால் மேலே ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது.