வாசகர் கேள்வி-பதில்: இங்கிலாந்தின் பழைய மாளிகைகள்

கேள்வி: மே கடைசியில் இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருப்போம். மாளிகை, தோட்டம் இரண்டும் உள்ள இடத்தைப் பார்க்க ஒரே ஒரு நாள் கிடைக்கும். எங்கே போகலாம், எதை முதலில் பார்க்கலாம்?

பதில்: வில்ட்ஷயரில் உள்ள ஸ்டவர்ஹெட் போங்கள். பேங்க் நடத்திய ஹோர் குடும்பத்தின் இடம். இரண்டாம் ஹென்றி ஹோர் 1740-களில் தொடங்கி, ஓடையை மறித்து ஏரி உண்டாக்கி, கரையைச் சுற்றிக் கோயில் வடிவ மண்டபங்களை எழுப்பினார். 1946 முதல், பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம் இருக்கிறது.

தோட்டத்தை முதலில் பாருங்கள். பல இடங்களில் தோட்டம் காலையிலேயே திறந்துவிடும். வீடு திறக்கத் தாமதமாகும். அதோடு, மேற்குக் கரையில் இருக்கும் பான்தியன் மண்டபத்தின் முகப்பில் காலை வெயில் நேராக விழும். மாலையில் சூரியன் அதன் பின்னால் போய்விடுவதால் போட்டோவில் தூண்கள் கறுத்துத் தெரியும்.

ஏரி உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள். ஃப்ளோரா கோயில், குகை, பான்தியன், கடைசியாக மேட்டில் அப்பல்லோ கோயில் என்று வரும். நடந்து வந்த கரை முழுவதும் அந்த மேட்டிலிருந்து ஒரே பார்வையில் விரியும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் செங்குத்தான ஏற்றம் தொடக்கத்திலேயே வரும், காட்சியும் முதலிலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். குகைக்குள் இருட்டு, தரை ஈரம். வழுக்காத ஷூ போடுங்கள். ரோடோடென்ட்ரான் பூக்கும் பருவம் என்பதால் உங்களுக்கு நல்ல யோகம். ஆனால் அந்தப் புதர்கள் பின்வந்த தலைமுறைகள் வைத்தவை. ஹென்றி ஹோர் அமைத்தது பெரும்பாலும் பச்சையும் நிழலும் தண்ணீரும்தான்.

கேள்வி: இந்த மாளிகைகளில் பட்டப்பகலிலும் ஜன்னல் திரையை இறக்கி வைத்திருக்கிறார்களே, ஏன்?

பதில்: பட்டும் நீர்வண்ண ஓவியமும் வெளிச்சத்தில் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. அவை இருக்கும் அறைகளில் வெளிச்சத்தைச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான அளவில் வைக்கப் பார்ப்பார்கள். வாசலில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போங்கள், கண் பழகிவிடும். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள். திரும்பும்போது பீங்கானில் இடிப்பது அந்தப் பைதான். ஊசிக் குதிகால் செருப்பும் வேண்டாம். உடலின் பாரம் முழுவதும் சிறு புள்ளியில் இறங்கி மரத்தரையில் குழி விழும்.

கேள்வி: ஆடுமாடு மேயும் வெளிக்கும் மாளிகைப் புல்வெளிக்கும் நடுவே வேலியே இல்லையே, அவை உள்ளே வராதா?

பதில்: அங்கே பள்ளம் இருக்கும். 'ஹா-ஹா' என்பார்கள். மாளிகைப் பக்கம் செங்குத்தான சுவர், மேய்ச்சல் பக்கம் சரிவு. மாடு சரிவில் இறங்கலாம், சுவரில் ஏற முடியாது. சுவரின் உச்சியும் புல்லும் ஒரே மட்டம் என்பதால் வீட்டிலிருந்து பார்த்தால் பள்ளம் தெரியாது. ஓடும் குழந்தைகளுக்கும் தெரியாது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை எல்லா மாளிகைக்கும் செல்லுமா?

பதில்: செல்லாது. சாட்ஸ்வொர்த், பிளென்ஹைம் இரண்டும் டிரஸ்டின் இடங்கள் அல்ல, தனி டிக்கெட் வாங்க வேண்டும்.