காதல் நாவலில் தடைதான் கதை

அன்புள்ள அக்கா, போன வருடத்திலிருந்து ஆங்கிலக் காதல் நாவல்களை விடாமல் வாசித்து வருகிறேன். ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ என்னைத் தூங்கவிடவில்லை. டிராகன் கதை எனக்குப் பிடிக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. எமிலி ஹென்றியின் ‘புக் லவர்ஸ்’ வாசித்து அழுதேன். அலி ஹேசல்வுட்டின் ‘பிரைட்’டில் நாயகி இரத்தம் குடிக்கிற இனம், நாயகன் ஓநாய் இனம். அதுவும் பிடித்தது. ஆனால் அதே எழுத்தாளரின் ‘த லவ் ஹைபோதிசிஸ்’ பாதியிலேயே அலுத்துவிட்டது. ஏன் இப்படி? அண்ணாவோ, “கடைசியில் சேருவார்கள் என்று தெரிந்த கதையை ஏன் வாசிக்கிறாய்?” என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சேருவார்கள் என்பதை அண்ணாவிடம் ஒப்புக்கொள்ளுங்கள். இந்த வகை நாவலின் இலக்கணமே அதுதான். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் வகுத்த விளக்கத்தில் இரண்டே நிபந்தனைகள்: கதையின் மையத்தில் ஒரு காதல், மனம் நிறைந்து நம்பிக்கை தருகிற முடிவு. முடிவு நிச்சயம் என்றால் எழுத்தாளர் தன் திறமையைக் காட்ட வேண்டியது நடுப்பகுதியில். இந்த இரண்டு பேரும் இன்றைக்கே ஏன் சேர முடியாது? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வைத்திருக்கிற நாவலை, அது டிராகன் கதையோ அலுவலகக் கதையோ, நான் கடைசிவரை வாசிப்பேன். உங்களுக்குப் பிடித்ததும் அலுத்ததும் இதே இடத்தில்தான் பிரிகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

‘ஃபோர்த் விங்’கை எடுங்கள். நாயகி வயலட்டின் அம்மா படைத் தளபதி. நாயகன் ஸேடனின் அப்பா அந்த அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்தியவர். கிளர்ச்சி தோற்றது, அவர் கொல்லப்பட்டார், அதில் வயலட்டின் அம்மாவுக்குப் பங்கு உண்டு. கிளர்ச்சிக்காரரின் பிள்ளைகள் எல்லோருடைய உடம்பிலும் அழியாத அடையாளம். அவர்கள் கட்டாயமாகப் போர்க் கல்லூரியில் சேர வேண்டும். தங்களுக்குள் கூடி நின்றாலே குற்றம். வேறு ஊர்ப் பிள்ளைகள் இதைக் கற்பனை என்று வாசித்துவிட்டுப் போகலாம். காலி வீதிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற எங்கள் தலைமுறைக்கு அந்தப் பக்கங்கள் வேறு மாதிரித்தான் படும். தோற்றவர்களின் மகனும் வென்றவர்களின் மகளும் ஒருவரை ஒருவர் நம்புவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று அந்த நாவல் உண்மையாகவே கேட்கிறது. டிராகன்கள் எனக்கு அதற்குப் பிறகுதான். இன்னொன்று, வயலட்டின் மூட்டுகள் சட்டென்று விலகிவிடும். எழுத்தாளருக்கே இருக்கிற எலர்ஸ்-டான்லோஸ் என்ற நோயின் அனுபவம் அந்த வலியில் இருக்கிறது. அதனால்தான் அவள் ஒவ்வொரு படி ஏறும்போதும் நமக்கு நெஞ்சு பதறுகிறது.

அதே 2023இல் வந்த இரண்டாம் பாகமான ‘அயர்ன் ஃபிளேம்’ எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. ‘ஏன் என்னிடம் மறைத்தாய்’ என்ற ஒரே சண்டை திரும்பத் திரும்ப வருகிறது. முதல் பாகத்தில் ஒரு நாடே அவர்களுக்குக் குறுக்கே நின்றது.

‘புக் லவர்ஸ்’ உங்களை அழவைத்ததில் ஆச்சரியமே இல்லை. நோரா நியூயோர்க்கில் எழுத்தாளர்களுக்கு முகவர். சார்லி பதிப்பாசிரியர், அவனும் அதே நகரத்தில் வேலை செய்தவன். ஆனால் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததால் சொந்த ஊருக்குத் திரும்பிப் பெற்றோரின் புத்தகக் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனை வா என்று கூப்பிட அவளுக்கு வாய் வராது. அம்மா போன பிறகு தங்கை லிபிக்கு எல்லாமாக இருந்தவள் அல்லவா! யாருமே கெட்டவர் இல்லை, யாருக்கும் தப்பான எண்ணம் இல்லை, ஆனாலும் இரண்டு ஊர். அம்மா அப்பாவை விட்டுவிட்டு மெல்பேர்னுக்குப் போவதா என்று இரவிரவாக யோசிக்கிற பிள்ளைகள் வெள்ளவத்தையில் ஒவ்வொரு மாடிக் கட்டிடத்திலும் இருக்கிறார்கள்.

2024இல் வந்த ‘பிரைட்’டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. இரத்தம், ஓநாய் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அது பேசிச் செய்த கல்யாணத்தின் கதை. இரண்டு இனங்களுக்கு இடையே சமாதானம் வேண்டும், அதற்காக மிசரி என்ற பெண்ணை லோவுக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே வீட்டில். அவள் என்ன சாப்பிடுவாள், எப்போது தூங்குவாள் என்பதைக்கூட அவன் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தாலி கட்டிய பிறகு அறிமுகமாகிக் காதலித்தவர்கள் எங்கள் அம்மாமார். அந்தக் காதலை இவ்வளவு பொறுமையாக எழுதிய ஆங்கில நாவலை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி ‘த லவ் ஹைபோதிசிஸ்’. ஆராய்ச்சி மாணவி ஒலிவ், தோழியை நம்பவைக்கப் பேராசிரியர் அடமின் காதலிபோல நடிக்கிறாள். நடிப்பு நிஜமாகிவிட்ட பிறகும் அவனுக்குத் தன்மேல் விருப்பம் இருக்காது என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறாள். ஒரு கோப்பைத் தேநீரோடு உட்கார்ந்து கதைத்தால் தீர்ந்துபோகிற தடை அது. உங்களுக்கு அலுத்தது நியாயம். ஆனாலும் மிச்சத்தை வாசித்துவிடுங்கள். பின்பாதியில் செல்வாக்குள்ள ஒரு விஞ்ஞானி அவளிடம் அசிங்கமாக நடந்துகொண்டு, ‘நீ சொன்னால் யார் நம்புவார்கள்’ என்கிறான். எழுத்தாளர் நரம்பியல் ஆராய்ச்சியாளர், அந்த உலகத்தை உள்ளிருந்து பார்த்தவர். அந்த அத்தியாயம் மெய்யானது.

*

அக்கா, என் மகளுக்கு 16 வயது. அட்டையில் கார்ட்டூன் மாதிரிப் படம் போட்ட புத்தகங்களைச் சிநேகிதிகளிடம் வாங்கி வந்து வாசிக்கிறாள். சின்னப் பிள்ளைகளின் கதை என்று நினைத்திருந்தேன். ஒன்றைத் திறந்து பார்த்தபோது திகைத்துப்போனேன். பறித்து வைத்துவிடலாமா?
– ஒரு தாய், தெஹிவளை

பதில்: பறிக்காதீர்கள். பறித்தால் ஃபோனில் வாசிப்பாள், உங்களுக்குத் தெரியவே வராது.

அட்டையைப் பார்த்து யாருக்கும் இந்தக் குழப்பம் வரும். சில வருடங்களாகப் பெரியவர்களுக்கான காதல் நாவல்களும் வரைந்த படத்தோடுதான் வருகின்றன. ஹெலன் ஹோவாங்கின் ‘த கிஸ் கோஷண்ட்’ அப்படி ஒன்று. ஓட்டிசம் உள்ள, கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண்ணின் கதை. வயது வந்த பிறகு தனக்கே ஓட்டிசம் இருப்பதை அறிந்தவர் எழுதியது. எனக்கு மிகவும் பிடித்த நாவல். ஆனால் படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையானவை, 16 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன். ‘ஃபோர்த் விங்’கும் வளர்ந்தவர்களுக்கானதுதான்.

பதிலுக்கு நல்லதாக எதையாவது கையில் கொடுங்கள். ஜென்னி ஹானின் ‘டு ஆல் த போய்ஸ் ஐ’வ் லவ்ட் பிஃபோர்’ அவள் வயதுக்கென்றே எழுதப்பட்டது. உஸ்மா ஜலாலுதீனின் ‘ஹானா கான் கேரீஸ் ஒன்’ நாவலை நீங்களும் அவளும் சேர்ந்தே வாசிக்கலாம். ரொறன்ரோவில் நாயகி ஹானாவுடைய அம்மாவின் பிரியாணிக் கடை நொடித்துக்கொண்டிருக்கிறது. அதே வட்டாரத்தில் பெரிய ஹலால் உணவகம் ஒன்றைத் திறக்க வருகிறான் ஒருவன். கூச்சப்பட வைக்கிற காட்சி எதுவும் இல்லை. அம்மாவுடைய உழைப்பின் மேல் மகளுக்கு இருக்கிற அக்கறை கதை முழுக்க நிற்கிறது.

நான் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்த காலத்தில் பிள்ளைகள் ரமணிசந்திரனைக் கணக்குக் கொப்பிக்குள் மறைத்து வைத்து வாசிப்பார்கள். நான் பிடுங்கியதில்லை. எந்தக் காதல் கதையைத் திருப்பிக் கொண்டு வந்தாலும் ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: “அவன் அவளோடு நடந்துகொண்ட விதம் உனக்குச் சரியாகப் பட்டதா?” அதற்குப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் சொன்ன பதில்களை இன்றும் மதிக்கிறேன். உங்கள் மகளிடமும் அதையே கேளுங்கள், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

*

கொலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ அழகான காதல் கதை என்று என் சிநேகிதி சொல்கிறாள். எனக்கு வாசிக்கவே பயமாக இருந்தது. யார் சரி?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள். அடிக்கிற தகப்பனின் வீட்டில் வளர்ந்த லிலி, அடிக்கிற கணவனிடம் வந்து சேருகிறாள். எழுத்தாளர் தன் தாயின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை. ஏன் பெண்கள் விட்டுவிட்டு வருவதில்லை என்பதை அது வடிவாக விளக்குகிறது. ஆனால் அதைக் காதல் அலுமாரியில் வைப்பதும், 2024இல் படம் வந்தபோது பூங்கொத்தும் பூப்போட்ட உடுப்புமாகக் கொண்டாடியதும் எனக்கு ஏற்கவில்லை. அடி ஒரு தடை இல்லை. அது கதை முடிய வேண்டிய இடம். சிநேகிதியோடு மெதுவாகக் கதைத்துப் பாருங்கள். அவள் அதை அழகு என்று சொல்வதற்கு வேறு காரணம் இருந்தால், 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருப்பதையும் சொல்லுங்கள்.

*

‘பிரிட்ஜர்ட்டன்’ தொடரில் கேட் ஷர்மாவைப் பார்த்துவிட்டு நூலைத் தேடி வாசித்தேன். அதில் ஷர்மாவே இல்லையே! தவிர, இந்தக் காதலர்கள் ஏன் முக்கால்வாசிக் கதைக்கும் சண்டை பிடிக்கிறார்கள்?
– வாசகர், வத்தளை

பதில்: ஜூலியா குவின் 2000இல் எழுதிய நாவலில் அவள் கேட் ஷெஃபீல்ட், ஆங்கிலேயப் பெண். 2022இல் வந்த தொடரில்தான் இந்தியக் குடும்பமாக மாற்றினார்கள். நடித்த சிமோன் ஆஷ்லி தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அந்த மாளிகைக்குள் ‘அப்பா’ என்ற சொல் கேட்டபோது நான் தொலைக்காட்சியை நிறுத்தி மறுபடி போட்டுக் கேட்டேன். தடை மட்டும் நூலில்தான் ஆழமாக இருக்கிறது. தேனீ கொட்டி இளவயதில் இறந்துபோனவர் நாயகன் அந்தோணியின் அப்பா. அவருடைய வயதைத் தாண்டித் தான் வாழப்போவதில்லை என்று அவன் நம்புகிறான், அதனால் மனைவியைக் காதலிக்கக் கூடாது என்று நினைக்கிறான். வெளியில் யாரும் தடுக்கவில்லை, அவனே தடுக்கிறான்.

சண்டைக்கு வள்ளுவரைத்தான் கூப்பிட வேண்டும். 1330 குறள்களும் முடிகிற கடைசி அதிகாரத்தின் பெயரே ஊடலுவகை. ‘ஊடுதல் காமத்திற்கு இன்பம்’ என்கிறார். ஆனால் ஊடல் என்பது சமமான இருவருக்குள் நடப்பது. ஒருவர் மற்றவரை இழிவாகப் பேசிக்கொண்டே போவதைச் சில நாவல்கள் காதல் என்று விற்கின்றன. அவற்றை நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

*

இந்த நூல்களின் விலை கட்டுபடியாகவில்லை. கொழும்பில் வேறு வழி உண்டா?
– மாணவி, மட்டக்குளி

பதில்: விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகே உள்ள பொது நூலகத்தில் அங்கத்தவராகுங்கள். டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பேரம் பேசலாம். பண்டாரநாயக்க மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது கழிவு விலையில் அள்ளலாம்.

*

அக்கா, கொழும்பை வைத்துத் தமிழில் ஒரு காதல் நாவல் எழுத ஆசை. ‘இந்த ஊரில் யார் வாசிப்பார்கள்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– இளம் வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: வாசிப்பார்கள். 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி பிரசுரமாக ஈழத்து நாவல்கள் வரிசையாக வந்தன. எங்கள் ஊர் மனிதர்கள் எங்கள் பேச்சில் காதலிப்பதை அப்போது சனம் தேடி வாங்கி வாசித்தது.

எங்கே சந்தித்தார்கள் என்பதில் தொடங்காதீர்கள். மழையில் குடை, பஸ்ஸில் பக்கத்து இருக்கை எல்லாம் பிறகு தானாக வரும். தடையை முதலில் எழுதுங்கள். எங்களிடம் அதற்கு என்ன பஞ்சம்? 2022இல் ஒருத்தி பத்தரமுல்லையில் பாஸ்போர்ட் வரிசையில் நிற்கிறாள், அவன் இந்த நாட்டை விட்டுப் போவதில்லை என்று இருக்கிறான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மலையகத்து ஹட்டனிலிருந்து வந்து கணக்காளராக வேலை செய்பவன், யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். அவள் வீட்டில் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார்கள், சாதகம் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்வார்கள். அந்த நாகரிகமான மறுப்பை இன்னும் யாரும் ஒழுங்காக எழுதவில்லை. சீதன வீடு கட்டி முடியாததால் தள்ளிப்போகிற கல்யாணம் ஒன்றையும் நினைத்துப் பாருங்கள்.

அம்மாவை வில்லியாக்காதீர்கள். அவருடைய பயத்துக்கும் ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள். பெண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள், அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி என்பதைச் சம்பவமாகக் காட்டுங்கள். முடிவில் சேர்த்து வையுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். முதல் மூன்று அத்தியாயங்கள் எழுதியானதும் இந்தப் பகுதிக்கே அனுப்புங்கள். அந்தத் தடை நிற்கிறதா, தேநீரோடு தீர்ந்துவிடுகிறதா என்று ஒளிக்காமல் எழுதி அனுப்புவேன்.