காலி சிலிண்டரும் காலி இல்லை

கேள்வி: திருச்சியிலிருந்து கோவைக்கு வீடு மாறுகிறோம். ஒரு முழு சிலிண்டர், ஒரு காலி சிலிண்டர் இருக்கின்றன. லாரிக்காரர் ஏற்ற மறுக்கிறார். கார் டிக்கியில் படுக்கவைத்துக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். லாரிக்காரர் செய்ததுதான் சரி. ஊர் விட்டு ஊர் போகிறவர் சிலிண்டரைச் சுமக்கவே தேவையில்லை. சிலிண்டர்களையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பித் தந்து வவுச்சர் கொடுப்பார்கள். அதைக் காட்டி கோவையில் இணைப்பு வாங்கலாம். முழு சிலிண்டரை, கிளம்புவதற்குள் சமைத்துத் தீர்க்கப் பாருங்கள்.

டிக்கி ஏன் ஆகாது? உள்ளே இருக்கும் 14.2 கிலோவில் பெரும்பகுதி திரவம். நிமிர்ந்து நிற்கும்போது வால்வுப் பக்கம் ஆவிதான் இருக்கும். படுக்கவைத்தால் திரவமே வால்வுக்கு வந்துவிடும். வால்வு சரியாக மூடாமல் இருந்தால் அப்போது கசிவது திரவம். வெளியே வந்ததும் அது சுமார் 250 மடங்கு விரியும். காற்றைவிடக் கனம் என்பதால் மேலே கலைந்து போகாமல் டிக்கியின் அடியிலும் சீட்டுக்குக் கீழும் தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும், ஏதோ ஒரு ஸ்விட்சின் பொறி போதும். அடுப்பு அணைந்துபோன 'காலி' சிலிண்டரிலும் மிச்சம் கேஸ் இருக்கும், அதற்கும் இதே கதைதான்.

உள்ளூருக்குள்ளேயே வீடு மாறுகிறவர்களுக்கு வேறு வழியில்லை, எடுத்துத்தான் போகவேண்டும். அதற்குத் திறந்த குட்டி யானைதான் நல்லது. ரெகுலேட்டரைக் கழற்றியதும் வால்வு வாயில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் அந்தச் சிலிண்டர் வண்டி ஏறக்கூடாது, ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். வராவிட்டால், நைலான் கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் பூட்டி, நிமிர்த்தி நிறுத்தி, வண்டியின் பக்கச்சட்டத்தோடு கயிறு போட்டு இறுக்குங்கள். வேகத்தடையில் முப்பது கிலோ சிலிண்டர் உருண்டால் யாராலும் பிடிக்க முடியாது. பெட்ரோல் கேன், பெயிண்ட் டப்பா எதுவும் கூடவே வரக்கூடாது.

பைக்? 2016-ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகள் இருசக்கர வாகனத்தில் நிரப்பிய சிலிண்டரை ஏற்றக்கூடாது என்கின்றன. டெலிவரித் தம்பி இரண்டு பக்கமும் தொங்கவிட்டு வருகிறாரே என்பீர்கள். அதுவும் விதிமீறல்தான், பார்த்துப் பழகிவிட்டோம். ரயிலிலும் அனுமதி கிடையாது.

வழியில் அந்த அழுகல் நாற்றம் அடித்தால் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட்டு எல்லோரும் இறங்குங்கள். நன்றாகத் தள்ளிப்போன பிறகு 1906-க்கு போன் செய்யுங்கள். வண்டி பக்கத்தில் நின்றுகொண்டு செல்போனை எடுக்காதீர்கள்.