புறக்கோள் கடப்பு: வீட்டு மாடித் தொலைநோக்கிக்கான கேள்வி பதில்

கேள்வி: 6 அங்குலத் தொலைநோக்கி, மோட்டார் பொருத்திய தாங்கி, மோனோ சிமோஸ் கேமரா இருக்கு சார். புறக்கோள், அதாவது வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள், தன் விண்மீனின் முன்னால் கடக்கும்போது ஒளி குறைவதை அளக்கணும். எந்தக் கோளில் ஆரம்பிக்கலாம்?

பதில்: எச்டி 189733 பி. அது சுற்றும் விண்மீனின் பொலிவெண் 7.7 (எண் கூடினால் விண்மீன் மங்கல்). டம்பெல் நெபுலாவுக்குக் கிழக்கே கால் பாகைதான், தேடி அலைய வேண்டாம். 2.2 நாளுக்கு ஒருமுறை கடப்பு. ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம். ஒளி 2.4 சதவீதம் குறையும். 1999-இல் முதன்முதலாகக் கடப்பு பதிவான எச்டி 209458 பி-யில் இந்தச் சரிவு 1.6 சதவீதம்தான், அதை அடுத்து எடுங்கள். கடப்புக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது படம் எடுத்தே ஆக வேண்டும். ஒளி மாறாத அந்தச் சமதளம் இல்லாவிட்டால் சரிவை எதிலிருந்து அளப்பது?

கேள்வி: கச்சிதமா ஃபோகஸ் பண்ணி 3 விநாடிப் படங்கள் எடுத்தேன். ஒளி வளைவு, அதான் நேரத்தோட பொலிவு மாறுறதைக் காட்டுற வரைபடம், கன்னாபின்னானு குதிக்குது அண்ணா.

பதில்: அந்தக் கச்சிதம்தான் கெடுக்கிறது தம்பி. ஒளி முழுவதும் நாலைந்து பிக்சலில் விழுகிறது; தாங்கி இம்மி நகர்ந்தாலும் வேறு உணர்திறன் கொண்ட பிக்சலுக்குப் போய்விடும். விண்மீன் 15 முதல் 20 பிக்சல் அகல வட்டாகும்வரை ஃபோகஸைக் கலையுங்கள். பக்கத்து விண்மீனோடு ஒட்டிவிடக் கூடாது. பிக்சலின் ஒளி எண்ணிக்கை, உச்ச அளவான 65,535-இல் பாதியைத் தாண்ட வேண்டாம். எக்ஸ்போஷரை 30 விநாடிக்கு ஏற்றினால் வளிமண்டல மினுக்கமும் சராசரியாகி அடங்கும். பிறகு விடியும்வரை ஃபோகஸரைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஃபிளாட், அதான் சீரான வெளிச்சத்தில் எடுக்கும் திருத்தப் படம், எடுக்காம விடலாமா?

பதில்: கூடாது. தூசி நிழல் ஒன்றே 1 சதவீதச் சரிவைப் போலியாகக் காட்டும். அந்தி வானில் 20 படம் போதும்.

கேள்வி: சரிவு தெரியுது, ஆனா வளைவு முழுக்க ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கு. ஏன்?

பதில்: ஒப்பீட்டு விண்மீனின் (பொலிவை ஒப்பிட அதே படத்தில் தேர்ந்த வேறு விண்மீன்) நிறத்தைப் பாருங்கள். எச்டி 189733 ஆரஞ்சு நிற கே வகை. நீலவெள்ளை விண்மீனோடு ஒப்பிட்டால், இரண்டும் அடிவானம் நோக்கி இறங்கும்போது காற்று நீலத்தை அதிகமாக விழுங்கும். விகிதம் மெல்ல நகரும். பொலிவிலும் நிறத்திலும் நெருங்கிய இரண்டு மூன்றைத் தேர்ந்து, சிவப்பு வடிகட்டி போடுங்கள். மிச்சச் சாய்வை அஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருளில் காற்றுத்திணிவை (ஒளி கடந்து வரும் காற்றின் அளவு) வைத்து நீக்கலாம்.

கேள்வி: கோளின் அளவை இதிலிருந்தே சொல்ல முடியுமா?

பதில்: முடியும். 2.4 சதவீதச் சரிவு என்பது கோள், விண்மீன் வட்டுகளின் பரப்பு விகிதம்; ஆர விகிதம் அதன் வர்க்கமூலம். 0.024-இன் வர்க்கமூலம் 0.155. விண்மீனின் ஆரம் சூரியனில் 0.78 பங்கு. பெருக்கினால் 0.12 சூரிய ஆரம். வியாழனைவிடச் சற்றுப் பெரியது. பூமி அளவுக் கோள் சூரியனைக் கடந்தால் சரிவு 0.0084 சதவீதம்தான். அது மாடியிலிருந்து எட்டாது.

கேள்வி: புறக்கோள் கடப்புகளைத் தேடும் நாசாவின் டெஸ் விண்கலம் இருக்கும்போது நாம அளந்து என்ன ஆகப் போகுது?

பதில்: நிறைய ஆகும்! டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானில் 21 விநாடி வில் (ஒரு பாகையில் 3,600 விநாடி வில்). அதற்குள் பல விண்மீன்கள் நெருக்கியடித்திருக்கும். மங்கியது எது என்று பிரித்துச் சொல்ல உங்கள் கருவியால் முடியும். மங்கியது, ஒன்றையொன்று மறைக்கும் பக்கத்து இரட்டை விண்மீன் என்று தெரிந்தால் ஒரு போலிக் கோள் பட்டியலிலிருந்து கழியும். இன்னொன்று நேரம். சுற்றுக்காலத்தில் 1 விநாடி பிழை இருந்தால் 500 சுற்றில் கணிப்பு 8 நிமிடத்துக்கு மேல் விலகும். அதனால் கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு பொருத்திவிட்டுத் தொடங்குங்கள். பூமி தன் பாதையில் எங்கிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒளி 8 நிமிடம்வரை முந்தியோ பிந்தியோ வரும்; முடிவை சூரியக் குடும்ப நிறைமையத்துக்கான ஜூலியன் நாளாக (வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் முறை) மாற்றிப் பதிவுசெய்யுங்கள்.