கன்னியாவில் எந்தக் கிணறு சூடு கூட?

அன்பின் அக்கா,

நிலாவெளிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். தரம் 4, 5 பிள்ளைகள், ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகள், மாதர் சங்கத்து அம்மாமார் சிலர் என்று எல்லோரும் ஒரே கூடத்துக்குத்தான் வருகிறார்கள். சின்னவர்கள் புலமைப்பரிசில் வினாத்தாளைக் கடகடவென்று செய்வார்கள். எப்படி இந்த விடை வந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். ஓ.எல். பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. அம்மாமார் வீட்டில் நன்றாகக் கதைப்பார்கள், பிரதேச செயலகத்துக்குப் போனால் ஒரு சொல் வராது. பிரச்சினை தீர்க்கும் திறனையும் தொடர்பாடல் திறனையும் வயதுக்கு ஏற்றபடி மூன்று பாடத்திட்டமாகப் பிரித்து எடுக்கவா? 'பேப்பர் செய்யாமல் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

பிரிக்க வேண்டாம். ஒரே ஆள் மூன்று பாடத்திட்டம் நடத்தினால் ஒரு மாதத்தில் களைத்துப்போவீர்கள். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் இரண்டு திறன் என்று எழுதியவை வகுப்பறையில் ஒன்றாகத்தான் வளர்கின்றன. உங்கள் தரம் 5 பிள்ளைகள் வழி சொல்லத் தடுமாறுவது பேச்சுக் குறை அல்ல. இந்த மாதிரிக் கேள்வி வந்தால் இந்த விடை என்று பழகியிருக்கிறார்கள், கணக்கு இன்னும் விளங்கவில்லை.

கணிதம் கற்பிப்பதைப் பற்றிக் கணிதவியலாளர் ஜோர்ஜ் போல்யா 1945இல் நான்கு படிகளைச் சொன்னார்: கணக்கை விளங்கிக்கொள், வழியை யோசி, செய்து பார், செய்ததைத் திரும்பிப் பார். எங்கள் ரியூசன் வகுப்புகளில் பெரும்பாலும் மூன்றாவது மட்டும்தான் நடக்கிறது. முதலாவதும் கடைசியும் வாய் திறந்து செய்ய வேண்டியவை, அதனால் நேரம் இல்லை என்று தள்ளிவிடுகிறோம். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

ஒரு கேள்வியை முழுக் கூடத்துக்கும் கொடுத்துப் பாருங்கள். திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகாத பிள்ளை உங்கள் ஊரில் இருக்காது. ஏழு கிணறு, பக்கத்துப் பக்கத்தில், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. எந்தக் கிணறு சூடு கூட, அதை எப்படி நிச்சயமாகச் சொல்வது? இவ்வளவுதான் கேள்வி.

சின்னவர்கள் உடனே 'கையை வைத்துப் பார்க்கலாம் ரீச்சர்' என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு மூன்று பேசின் எடுங்கள். ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், நடுவில் குழாய்த் தண்ணீர். ஒரு கை குளிரிலும் மற்றக் கை சூட்டிலும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். பிறகு இரண்டையும் நடுப் பேசினில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சுடும், மற்றதுக்குக் குளிரும். தோலுக்கு வெப்பநிலையை அளக்கத் தெரியாது, தான் இருந்த நிலையிலிருந்து என்ன மாறியது என்பதைத்தான் அது உணர்கிறது. இதை நீங்கள் சொல்லாதீர்கள். 'ஏன் இப்படி?' என்று மட்டும் கேளுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கையில் பொருள் இருந்தால் பேச்சு தானாக வரும். செய்துகொண்டே தனக்குத்தானே முணுமுணுக்கிற பிள்ளையை அதட்டவும் வேண்டாம். அந்த முணுமுணுப்புத்தான் பிறகு மனதுக்குள் நடக்கும் யோசனையாகிறது என்று உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னார்.

ஓ.எல். பிள்ளைகளுக்கு அதே கேள்விதான். கையை நம்ப முடியாது, அப்போ வெப்பமானி வேண்டும். எந்த நேரத்தில் அளப்பது? எல்லாக் கிணற்றிலும் ஒரே ஆழத்தில் வைக்க வேண்டுமா? ஒரு தடவை போதுமா? சனம் வாளி வாளியாக அள்ளிக் குளித்துக்கொண்டிருக்கும்போது அளந்தால் என்ன ஆகும்? இந்த வயதில் வாய் அடைத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமை இல்லை, பிழையாகச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்ற பயம். அதனால் முதலில் தனியாகக் கொப்பியில் எழுதட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லட்டும், அதற்குப் பிறகுதான் சபை. அப்புறம் அவர்களையே தரம் 4 பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளை 'விளங்கேல்லை அண்ணா' என்று சொன்னால் அவர் வேறு சொல் தேடித்தான் ஆக வேண்டும். பல வயதும் ஒரே கூடத்தில் இருப்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய வாய்ப்பாகத் தெரிகிறது.

உங்கள் பக்கத்தில் ஒன்று மாற வேண்டும். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் ஒலிப்பதிவுகளை வைத்துப் பார்த்தார். சராசரியாக ஒரு செக்கன்தான். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் விடுவது குறைந்தது, மெதுவானவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று செக்கன் கேட்கச் சின்னதாக இருக்கும். அமைதியான வகுப்பில் நின்று பாருங்கள், அதற்குள் நீங்களே விடையைச் சொல்லிவிடத் துடிப்பீர்கள்.

அம்மாமாரின் விஷயம் வேறு. கிணற்றுக் கேள்வியில் அவர்களும் சேரட்டும், ஆனால் அவர்களுக்குப் பிரச்சினை தீர்க்கக் கற்றுத்தரப் போகிறோம் என்ற நினைப்பே தவறு. ஒருவர் சம்பளத்தில் மாதத்தை ஓட்டுகிறவர்கள் அவர்கள். செயலகத்தில் வாய் அடைப்பது, எதை முதலில் சொல்வது என்று தெரியாததால். அவர்களுடைய சொந்தப் பிரச்சினை ஒன்றையே எடுங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து, என்ன செய்து தர வேண்டும் என்று மூன்றே வரி. இதை எழுதிவிட்டு, ஓ.எல். பிள்ளை ஒருவரை உத்தியோகத்தராக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வையுங்கள். அவர் அவசரப்படுத்தட்டும், 'நாளைக்கு வாங்க' என்று சொல்லட்டும். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதையும் அங்கேயே பழகலாம். 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆம் திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி; திருகோணமலையில் அரச அலுவலகத்துக்குப் போய்த் தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெறுவது அவர்களுடைய உரிமை. இதை அவர்களுக்கு உரத்துச் சொல்லுங்கள். தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனிப் பெற்றோர். அவர்களுடைய பயம் நியாயமானது. நல்ல பாடசாலை கிடைப்பது அந்த ஒரு புலமைப்பரிசில் பரீட்சையில்தான் தங்கியிருக்கிறது என்று நினைக்கிறார்கள். வினாத்தாளை நிறுத்தாதீர்கள். செய்து முடித்த பிறகு ஒரு கேள்வியை மட்டும் எடுத்து, சரியான விடையை விட்டுவிட்டு, மற்ற விடைகள் ஏன் பிழை என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதினைந்து நிமிடம் போதும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குக் குறைப்படுகிற பெற்றோரையும் கூப்பிட்டுப் பின்வரிசையில் இருக்க வையுங்கள். தங்கள் பிள்ளை எழுந்து காரணம் சொல்வதை அவர்கள் கேட்கட்டும். நீங்கள் தனியாக எந்த விளக்கமும் கொடுக்க வேண்டி வராது.