வாசகர் கேள்வி: சியனாவில் தனியே நிற்கும் சுவர்

கேள்வி: இத்தாலி சென்று வந்த என் மகன் காட்டிய படங்களில், சியனா நகரப் பேராலயத்தின் அருகே கூரையில்லாத உயரமான சுவர் ஒன்று தனியாக நிற்கிறது. அது இடிந்த கோயிலா? உள்ளே சித்திரத் தரை இருக்கிறதாமே, அது நம் ஆத்தங்குடிக் கல்லைப் போன்றதா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: அது இடிந்த கோயில் அன்று, கட்டி முடியாமல் நின்றுபோன கோயில். இன்றுள்ள பேராலயத்தின் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. வெள்ளைப் பளிங்கும் கரும்பச்சைப் பளிங்கும் மாறி மாறி அடுக்கிய அதன் வரிகள், அந்நகரின் சின்னத்துக்குரிய கறுப்பு வெள்ளை நிறங்களை நினைவூட்டுபவை. போட்டி நகரமான ஃபிளாரன்ஸ் 1296இல் புதிய பேராலயம் எழுப்பத் தொடங்கியிருந்ததால், சியனா மக்கள் அதனினும் பெரியதைக் கட்ட விரும்பி, 1339இல் ஒரு துணிவான திட்டத்தை ஏற்றார்கள். இருக்கும் கோயிலை இடிக்காமல், அதன் நீண்ட கூடத்தையே, சிலுவை வடிவில் அமையும் புதிய கோயிலின் குறுக்குக் கையாக மாற்றிவிட்டு, அதற்குச் செங்குத்தாக இன்னும் பெரிய கூடம் ஒன்றை எழுப்புவதே அத்திட்டம். நம் செட்டிநாட்டு வீட்டில் வளவையும் (முற்றத்தைச் சுற்றியுள்ள முதன்மைக் கட்டு) இரண்டாம் கட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவை பக்கக் கட்டாகிவிடும்படி பெரிய முகப்பை வேறு திசையில் எழுப்புவதாக எண்ணிக்கொண்டால், அதன் துணிவு விளங்கும்.

1348இல் கொள்ளைநோய் வந்தது. நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரோ அதற்கும் மேலோ மாண்டதால், பணமும் வேலையாட்களும் இல்லாமல் பணி நின்றது. நோயை மட்டும் காரணமாகச் சொல்வது முழு உண்மையாகாது என்பது என் கருத்து. எழுப்பிய பகுதிகளிலேயே கட்டுமானக் குறைகள் தென்பட்டு, 1357இல் ஆபத்தான பகுதிகளை இடிக்க வேண்டியதாயிற்று. எஞ்சியவற்றுள் ஒன்றுதான் உங்கள் மகன் படமெடுத்த சுவர். புதிய கூடத்தின் முகப்பாக இருந்திருக்க வேண்டியது அது. இன்று மக்கள் அதன் மீதேறி நகரைப் பார்க்கிறார்கள். கட்டி எழுந்த பக்கக்கூடம் ஒன்றின் வளைவுகளை அடைத்து, அதையே பேராலயத்தின் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள்.

தரை முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. ஆத்தங்குடிக் கல்லில், கண்ணாடியின் மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து, நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மினுமினுப்பாகிறது, ஒரே பூ வேலைப்பாடு தளம் முழுதும் திரும்பத் திரும்ப வருகிறது. சியனாவிலோ 56 சித்திரங்கள், பெரும்பாலும் தனித்தனிக் கதைகள். 14ஆம் நூற்றாண்டில் தொடங்கி 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல தலைமுறைக் கலைஞர்கள் அவற்றைச் செய்தார்கள். முதலில் வெள்ளைப் பளிங்கில் உளியால் கோடு கீறிக் கரிய பிசினால் நிரப்பினார்கள். பின்னர், வெவ்வேறு நிறப் பளிங்குகளை வடிவத்துக்கேற்ப அறுத்து ஒன்றோடொன்று பொருத்தினார்கள். பெக்காஃபூமி என்ற ஓவியர், வெளிர்ப் பளிங்கின் நிறவேறுபாடுகளைக் கொண்டே ஒளியையும் நிழலையும் காட்டிய பகுதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை.

மிதிபட்டுத் தேயாதிருக்கத் தரையின் பெரும்பகுதியை ஆண்டில் பல மாதங்கள் மூடிவைத்து, கோடையிலும் அதன் பின்னும் சில வாரங்களே முழுதும் திறக்கிறார்கள். உங்கள் மகன் மீண்டும் செல்வதானால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், திறப்பு நாட்களை முன்னரே விசாரித்துக்கொண்டு செல்லச் சொல்லுங்கள்.