முகமும் குங்குமமும் ஒரே சாம்பலா? கறுப்பு வெள்ளைக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: ஆடிவேல் தேர் காலி வீதியால் வந்தபோது கமெராவில் நிறையப் படங்கள் எடுத்தேன். சிலவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கி, பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்ட ஆசை. ஆனால் போனில் உள்ள கறுப்பு வெள்ளை ஃபில்டரைப் போட்டால் எல்லாம் சாம்பல் பூத்து, சப்பென்று இருக்கிறது. மாதச் சந்தா கட்டி ஃபோட்டோஷொப் எடுங்கள் என்கிறான் மகன். ஸ்டூடியோக்காரரோ சில்வர் எஃபெக்ஸ்தான் திறம், அது இலவசம் என்கிறார். என்னிடம் இருப்பது சாதாரண மடிக்கணினி. எதை எடுக்கலாம்?
(வாசகி ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: இப்போதைக்குக் காசு எதுவும் கட்டாதீர்கள். கமெராப் படங்களுக்கு மடிக்கணினியில் ரோதெரபி என்ற மென்பொருள், போனில் எடுத்தவற்றுக்கு ஸ்நாப்சீட் என்ற செயலி. இரண்டும் இலவசம். சந்தாக் கதையை நாலைந்து படம் செய்து பார்த்த பிறகு பேசலாம்.

ஏன் சப்பென்று இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். விடை அதற்குள்தான் இருக்கிறது. டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சாதாரண ஃபில்டர்கள் சிவப்பில் ஏறத்தாழ 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 என்று எடுத்துக் கூட்டி ஒரே சாம்பல் எண்ணாக்கிவிடும். நம் கண் பச்சையைத்தான் கூடுதல் வெளிச்சமாக உணரும் என்பதால் வந்த கணக்கு இது. கணக்கில் பிழையில்லை. ஆனால் தேருக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். நெற்றிக் குங்குமம் 180, 30, 40 என்று வைத்துக்கொள்வோம். மாநிறத் தோல் 110, 70, 50. பின்னால் தொங்கும் மாவிலை 40, 105, 30. கூட்டினால் குங்குமம் 76, தோல் 80, மாவிலை 77. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். நிறத்தில் பளிச்சென்று தெரிந்த பொட்டு முகத்துக்குள் கரைந்துபோகிறது, முகம் இலைக்குள் கரைந்துபோகிறது.

அதே படத்தில் பச்சை எண்ணை மட்டும் எடுத்தால் குங்குமம் 30, தோல் 70, இலை 105. பொட்டு கறுத்து எழும்பும். சிவப்பை மட்டும் எடுத்தால் குங்குமம் 180, தோல் 110, இலை 40. இலை இருண்டு பின்னால் போக, முகம் முன்னுக்கு வரும். படம் ஒன்றுதான், எந்த எண்ணுக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் எல்லாம் மாறிவிடுகிறது. ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் மஞ்சள், சிவப்புக் கண்ணாடி மாட்டி வானத்தைக் கறுக்கவைத்ததும் இதே வேலைதான்.

ஆகவே மென்பொருளைப் பார்க்கும்போது நான் கேட்பது ஒன்றுதான்: எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக வேண்டும் என்பதை என் கையில் விடுகிறதா? ‘200 ரெடிமேட் ஸ்டைல்’ என்று விளம்பரம் செய்யும் செயலிகளில் பல இதைத் தருவதில்லை. சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, பூச்சியத்துக்கு இறக்கும் வழி இன்னும் மோசம். சில மென்பொருள்களில் அப்படிச் செய்தால் தூய மஞ்சளும் தூய நீலமும் ஒரே சாம்பலாக வந்து நிற்கும்.

ரோதெரபியில் ‘பிளாக் அண்ட் வைட்’ பகுதியைத் திறந்து, ‘சானல் மிக்ஸர்’ முறையைத் தேர்ந்தால் மேலே சொன்ன மூன்று பங்குகளையும் கையால் மாற்றலாம். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று நிறம் நிறமாகப் பிரித்து மாற்றும் தேர்வும் அதிலேயே உண்டு. கமெரா பதிந்த விவரம் அப்படியே இருக்கும் ரோ கோப்பையும், சுருக்கிச் சேமித்த ஜேபெக்கையும் திறக்கும். திரை முழுக்கப் பொத்தான்களைக் கண்டு பயப்பட வேண்டாம், பத்தில் ஒன்பது உங்களுக்குத் தேவைப்படாது. டார்க்டேபிளும் இலவசம், அதைவிட ஆழமானது. ஆனால் படிக்க நாளெடுக்கும், பழைய மடிக்கணினியைத் திணறடிக்கும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் ‘மோனோ மிக்ஸர்’ இருக்கிறது. ஆனால் அது ரோ கோப்பைத் தானாகத் திறக்காது, மேற்சொன்ன இரண்டில் ஒன்றின் தயவு வேண்டும். ஸ்நாப்சீட்டில் கறுப்பு வெள்ளைக் கருவிக்குள் போய்ச் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை ஃபில்டர்களை மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். போன் படத்துக்கு அது தாராளம்.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஃபோட்டோஷொப், அதே நிறுவனத்தின் லைட்ரூம் இரண்டிலும் படத்தின் மேலேயே சுட்டியை வைத்து இழுக்கும் கருவி ஒன்று உண்டு. குங்குமத்தில் வைத்து இழுத்தால் அந்த நிறம் மட்டும் கறுக்கும் அல்லது வெளுக்கும், எந்த ஸ்லைடர் என்று தேட வேண்டியதில்லை. சந்தாவுக்கு ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஃபோட்டோஷொப்பின் கறுப்பு வெள்ளைக் கருவியில் ஆறு நிறங்கள்தான், செம்மஞ்சள் கிடையாது. லைட்ரூமில் எட்டு, செம்மஞ்சள் தனியாக இருக்கிறது. நம் தோல் நிறம் பெரும்பாலும் விழுவது அந்தச் செம்மஞ்சளில்தான். முகப் படங்கள் கூடுதல் என்றால் லைட்ரூம்தான் கைகொடுக்கும். எப்படியும் டொலரில் மாதாமாதம் கட்டுவது, வருடத்துக்கு ஒருமுறை திருவிழாப் படம் செய்கிறவருக்குக் கட்டுப்படியாகாது.

ஸ்டூடியோக்காரர் சொன்ன சில்வர் எஃபெக்ஸ் உண்மையிலேயே திறமானதுதான். இலவசம் என்பது மட்டும் பழைய செய்தி. அதைச் செய்த நிக் என்ற நிறுவனத்தை 2012இல் கூகுள் வாங்கியது, 2016இல் சில்வர் எஃபெக்ஸ் அடங்கிய மென்பொருள் தொகுப்பை இலவசமாக்கியது, 2017இல் டிஎக்ஸ்ஓ நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. இப்போது ஒருமுறை காசு கட்டி வாங்க வேண்டும். முகத்தில் ஒரு புள்ளி வைத்து அந்த இடத்தை மட்டும் வெளிச்சமாக்குவது, பழைய ஃபிலிம் படங்களில் தெரியும் பொடிப்பொடி மணிகளைப் போலவே மணி போடுவது இரண்டிலும் அதற்கு இணை குறைவு. கண்காட்சிக்கு அச்சிடுகிறவர்கள் வாங்கலாம். (அந்தப் புள்ளி வித்தை ஸ்நாப்சீட்டிலும் ‘செலக்டிவ்’ என்ற பெயரில் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை.)

பழகிப் பார்க்கக் கொழும்பில் இரண்டு நல்ல இடங்கள் உண்டு. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்புப் பள்ளிவாசலைப் படமெடுங்கள். சிவப்பு ஸ்லைடரை ஏற்றினால் சிவப்புப் பட்டைகள் வெள்ளைப் பட்டைகளோடு சேர்ந்து கட்டடமே வெளிறிப்போகும், இறக்கினால் ஒவ்வொரு வரியும் வெட்டினாற்போல் நிற்கும். பிறகு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போங்கள். அது கருங்கல். கல்லில் நிறமே இல்லாததால் எந்த ஸ்லைடரை இழுத்தாலும் தூண் அசையாது. அங்கே வேலை செய்வது டோன் கர்வும் (வெளிச்சத்தையும் இருட்டையும் ஏற்றி இறக்கும் வளைகோடு) பக்கவாட்டு வெளிச்சமும்தான். படத்தில் நிறம் குறைந்தால் மென்பொருளின் பங்கும் அவ்வளவுக்குக் குறைந்துவிடும்.

முகத்தில் செம்மஞ்சளைக் கண்டபடி ஏற்றாதீர்கள். பல ரெடிமேட் ஸ்டைல்கள் அதைத்தான் செய்கின்றன: தோல் வெளுக்கும், கூடவே வியர்வை மினுக்கமும் திருநீற்றுக் கோடும் காணாமற்போகும். திருநீறு தெரிய வேண்டுமானால் நெற்றி கருமையாகத்தானே இருக்க வேண்டும்? கில்ட்ஃபோர்ட் கிரசன்ட்டில் உள்ள கலை நிலையம் யார் பெயரில் இருக்கிறதோ, அந்தப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். கருந்தோல் கருந்தோலாகவே ஒளிரும். சிவப்பை அளவுக்கு மீறி இறக்கினாலும் தொல்லைதான். குங்குமத்தோடு உதடும் கண்ணோரமும் சேர்ந்து திட்டுத்திட்டாகக் கறுக்கும்.

ரோவா, ஜேபெக்கா என்பதும் இங்கே முக்கியம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ரோவில் 16,384. அதோடு ஜேபெக் நிற விவரத்தைப் பொதுவாகக் குறைத்தே சேமிக்கிறது. அதனால் நீலத்தை ஒரேயடியாக இறக்கி வானத்தைக் கறுக்கவைத்தால் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் எழும், கோபுரத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு விழும். உங்களிடம் ஜேபெக்தான் என்றால் பாதியில் நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த ஆடிவேலுக்குக் கமெராவை ‘ரோ + ஜேபெக்’கில் வைத்து, படப் பாணியை மோனோக்ரோம் ஆக்கிவிடுங்கள். திரையில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தே எடுக்கலாம், ரோவில் நிறம் அப்படியே பத்திரமாக இருக்கும். ஜேபெக்கை மட்டும் மோனோக்ரோமில் எடுத்தால் போன நிறம் போனதுதான்.

கடைசியாக அச்சு. 6000க்கு 4000 புள்ளி உள்ள 24 மெகாபிக்சல் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 20க்கு 13 அங்குலம் தாராளமாக வரும். கோப்பைக் கிரேஸ்கேலாக (சாம்பல் எண் மட்டும் உள்ளதாக) மாற்றாமல் ஆர்ஜிபியிலேயே (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடேயே) வைத்து, படம் அச்சிடும் லாபுக்குக் கொடுங்கள். பெரிதாக அடிக்கும் முன் 4க்கு 6 அங்குலத்தில் ஒன்று அடித்து வாங்குங்கள். மடிக்கணினித் திரை வெளிச்சம் கூடுதலாக இருந்தால் அச்சு இருண்டு வரும், அதை இந்தச் சின்னப் படமே காட்டிக்கொடுக்கும். பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் கறுப்பு வெள்ளையையும் கலர்த் தாளில் அடிக்கும் லாபுகளில் லேசான பச்சையோ ஊதாவோ ஏறிவிடும். அப்படி வந்தால் சாம்பல் மைகள் தனியாக உள்ள இங்க்ஜெட்டில் அடிப்பார்களா என்று விசாரியுங்கள். அதற்கு வசதியில்லையென்றால் படத்துக்கு நீங்களே மெல்லிய செபியா, அதாவது பழுப்புச் சாயல், கொடுத்துவிடுங்கள், லாபின் சாயம் அதற்குள் மறைந்துவிடும்.